லுட்டீஷியம் குப்பிக்குள் நடப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களில் உண்டாகும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்குப் போடப்படும் லுட்டீஷியம்-177 டோட்டாடேட் என்ற கதிரியக்க ஊசியைப் பற்றித் தங்கள் மும்பைப் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். தாராவி, சயான், செம்பூர் பகுதி மக்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி பரேல் புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களுக்கும் இப்படியொரு விளக்கம் தமிழில் கிடைப்பது அரிது. அதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மருந்து ஏற்பியில் (உயிரணுவின் மேல் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) போய் ஒட்டியதும் கதிர்வீச்சு அந்த ஏற்பியை அழித்துவிடுகிறது என்று எழுதியிருந்தது. ஏற்பி அழிவதில்லை. அழியக்கூடியது மருந்துதான், அதுவும் உடம்புக்குள் போவதற்கு முன்பே, குப்பிக்குள்ளேயே. இந்த வித்தியாசம் புரிந்தால், ஊசிக்கு ஏன் நாளோடு மணியும் குறித்துக் கொடுக்கிறார்கள் என்பது நோயாளி வீட்டாருக்கும் புரியும்.

மும்பையின் டிராம்பேயிலிருந்தே தொடங்கலாம். 1974-இல் அங்கே தொடங்கப்பட்ட ஐசோமெட் ஆலையில் கோபால்ட்-60 காமாக் கதிரைக் கொண்டு பஞ்சு, தையல் நூல், கையுறை போன்றவற்றைக் கிருமி நீக்குகிறார்கள். அதற்கான வழக்கமான அளவு 25 கிலோகிரே, அதாவது ஒரு கிலோ பொருளுக்கு 25,000 ஜூல். மனித உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 5 கிரே வாங்கினால் உயிருக்கே ஆபத்து. அதைப்போல 5,000 மடங்கு வாங்கிய பிறகும் உலர்ந்த மருந்துப் பொடி பெரும்பாலும் மருந்தாகவே இருக்கிறது. லுட்டீஷியம் ஊசியில் உள்ள பெப்டைடோ (சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி), கதிரிலிருந்து காக்கும் காப்புப் பொருள் சேர்க்காவிட்டால், வெறும் 700 கிரேயில் உருப்படியாக மிஞ்சாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மூலக்கூறின் பருமன், மற்றொன்று தண்ணீர்.

பருமனை முதலில் பார்ப்போம். உலர்ந்த அல்லது உறைந்த நிலையில் கதிர் ஒரு மூலக்கூறை நேரடியாக அடித்தால்தான் சேதம். பெரிய மூலக்கூறுக்கு அடிபடும் வாய்ப்பு அதிகம். புரதங்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 6,40,000-ஐப் புரதத்தின் மூலக்கூறு நிறையால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் ஒரு கிலோகிரே எண் வரும். அந்த அளவு கதிர் பட்டால் நூற்றுக்கு 37 மூலக்கூறுகள்தான் வேலை செய்யும் நிலையில் மிஞ்சும். 1,50,000 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) நிறையுள்ள ஆன்டிபாடிக்கு அந்த எண் சுமார் 43. ஆக 25 கிலோகிரே கொடுத்தால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பாழாகிவிடும். ஆன்டிபாடி ஊசிகளைக் காமாக் கதிருக்குக் காட்டாமல் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே செலுத்திக் கிருமி நீக்குவது இதனால்தான். 400 டால்டன் நிறையுள்ள சிறு மருந்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் போகும். எல்லாச் சிறு மருந்துகளும் இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது. சில மஞ்சளாகும், சில வாடை அடிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் தனியே சோதித்த பிறகே இந்த முறைக்கு ஒப்புக்கொள்கிறார்கள்.

ஏற்பிகளின் பருமனை அளக்கவும் இதே கணக்கைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏற்பிகள் உள்ள உயிரணுச் சவ்வை உறையவைத்து, வெவ்வேறு அளவில் கதிரூட்டி, பிறகு உருக்கி, கதிரியக்கக் குறியிட்ட மருந்தைச் சேர்த்து, இன்னும் எத்தனை ஏற்பிகள் மருந்தைப் பிடிக்கின்றன என்று எண்ணுவார்கள். அப்போது தெரியும் ஒன்று மிகவும் சுவையானது. பிடிக்கும் ஏற்பிகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் மிஞ்சிய ஏற்பிகளின் பிடிப்பு வலிமை பொதுவாக மாறாது. அடிபட்ட ஏற்பி ஒரே அடியில் முழுதாகப் போய்விடுகிறது, அடிபடாதது முன்போலவே இருக்கிறது. பாதி பழுதான ஏற்பி என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. புரதச் சங்கிலியில் எந்த இடத்தில் அடி விழுந்தாலும் அந்த ஆற்றல் சங்கிலி முழுவதும் பரவுவதுதான் காரணம்.

மருந்து ஏற்பியில் ஒட்டியிருக்கும்போது என்ன ஆகும்? நேரடி அடிக்கு ஒட்டியிருப்பது, ஒட்டாதிருப்பது என்ற கணக்கே கிடையாது. கரைசலில் நிலைமை வேறு. அங்கே சேதம் பெரும்பாலும் தண்ணீர் உடைந்து பிறக்கும், எதையும் தாக்கும் துணுக்குகளான ராடிக்கல்களால் வருகிறது. மருந்து உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் தண்ணீருக்கு அதிக இடமில்லை. அதனால் ஏற்பி மருந்தை மறைக்கிறது, மருந்து ஏற்பியின் பள்ளத்தை மறைக்கிறது. இரண்டுமே தனியாக மிதப்பதைவிடச் சேர்ந்திருக்கும்போது பத்திரம்.

இப்போது கட்டிக்கு வருவோம். டோட்டாடேட் போய் ஒட்டும் சொமாட்டோஸ்டாட்டின் இரண்டாம் வகை ஏற்பி 369 அமினோ அமிலங்கள் கொண்டது, நிறை சுமார் 41,000 டால்டன். மேலே சொன்ன கணக்கின்படி அதற்கான எண் 156 கிலோகிரே. கட்டி 50 கிரே வாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், நேரடி அடி வாங்கும் ஏற்பி ஏறக்குறைய 3,000-இல் ஒன்று. ராடிக்கல்களால் வரும் சேதத்தையும் சேர்த்தால்கூட நூற்றுக்கு ஒன்றைத் தொடாது. உயிரணுவுக்குள் ராடிக்கல்களை வாரி விழுங்க மற்றப் புரதங்களும் குளுட்டாத்தையோன் என்ற காப்பு மூலக்கூறும் ஏராளமாக இருக்கின்றன. போதாததற்கு உயிரணு புது ஏற்பிகளைச் செய்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் கட்டி எதனால் சாகிறது? டி.என்.ஏ. முறிவதால். ஒரு கிரேக்கு ஒரு உயிரணுவில் ஏறக்குறைய 1,000 ஒற்றையிழை முறிவுகளும் 20 முதல் 40 வரை இரட்டையிழை முறிவுகளும் ஏற்படுகின்றன. ஏற்பியில் ஆயிரக்கணக்கான நகல்கள் உண்டு, ஒன்று போனால் தெரியாது. டி.என்.ஏ.வுக்கு அப்படி மாற்று இல்லை. ஏற்பி வெறும் விலாசம், அவ்வளவே. தபால் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதன் வேலை முடிந்தது. லுட்டீஷியத்தின் பீட்டாத் துகள் திசுவில் சராசரியாக 0.67 மில்லிமீட்டர், அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் போகிறது. சுற்றியுள்ள ஏற்பியில்லாத கட்டி உயிரணுக்களும் அடிபடுவது இதனால்தான். முதல் ஊசிக்குப் பிறகும் ஏற்பி நிற்பதால்தான் எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி போட முடிகிறது. ஏற்பி அழிவது உண்மையானால் இரண்டாவது ஊசிக்கே போக இடமிருக்காதே!

மருந்தும் ஏற்பியும் சேர்ந்திருக்கும் கோலத்தைக் கதிர் கெடுப்பதைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் படிக எக்ஸ்ரே ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். இந்தூரில் எக்ஸ்ரே தரும் இண்டஸ்-2 ஒளிமூலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த புரதப் படிகக் கதிர்வழி ஒன்று இருக்கிறது. இத்தகைய ஆய்வுகளில் படிகத்தைச் சுமார் மைனஸ் 173 டிகிரியில் வைத்துத்தான் பொதுவாகப் படமெடுப்பார்கள். 30 மெகாகிரே என்பது தாண்டக்கூடாத எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அந்தக் குளிரிலும் முதலில் உடைவது கந்தகமும் கந்தகமும் கைகோத்த டைசல்பைடு பிணைப்பு. அடுத்து குளுட்டாமிக், அஸ்பார்டிக் அமிலங்களின் கார்பாக்சில் முனைகள் உதிர்கின்றன. கவனிக்காமல் விட்டால் கதிர் உடைத்ததை இயற்கையிலேயே அப்படி இருந்தது என்று தப்பாக வாசித்துவிட நேரும். இந்த டைசல்பைடை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டோட்டாடேட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

டோட்டாடேட் என்பது எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு வளையம். இரண்டு சிஸ்டீன்களுக்கு இடையிலான டைசல்பைடு பிணைப்புதான் வளையத்தை வளைத்துப் பிடித்திருக்கிறது. வளையத்தின் நடுவில் ஒரு டிரிப்டோபேன், பக்கத்தில் லைசின். ஏற்பி அடையாளம் காண்பது இந்த இடத்தைத்தான். டோட்டா என்ற கூண்டு பெப்டைடின் ஒரு முனையில் தொங்குகிறது, அதற்குள் லுட்டீஷியம். டிரிப்டோபேன் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலோ வளையம் திறந்துகொண்டாலோ ஏற்பி அதைச் சீந்தாது. கூண்டும் லுட்டீஷியமும் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு தவணை மருந்து என்பது வழக்கமாக 7.4 கிகாபெக்கரல், பழைய கணக்கில் 200 மில்லிகியூரி. அது 20 மி.லி. கரைசலில், சுமார் 200 மைக்ரோகிராம் பெப்டைடோடு இருப்பதாகக் கொள்வோம். லுட்டீஷியம் ஒவ்வொரு சிதைவிலும் எலக்ட்ரான்களாகச் சராசரியாக 147 கிலோ எலக்ட்ரான்வோல்ட் விடுகிறது. அந்த ஆற்றல் முழுவதும் குப்பிக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கரைசல் மணிக்கு 31 கிரே வாங்குகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 700 கிரே. தண்ணீரில் ஒரு ஜூலுக்கு 0.28 மைக்ரோமோல் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். ஆகவே ஒரு நாளில் லிட்டருக்கு 196 மைக்ரோமோல். பெப்டைடோ லிட்டருக்கு 7 மைக்ரோமோல்தான். ஒரு பெப்டைடைச் சுற்றி 28 ராடிக்கல்கள்! விட்டுவைக்குமா?

இதைத் தடுப்பது நம் வீட்டு நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி-தான். மி.லி.க்கு 2.8 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் லிட்டருக்கு 16,000 மைக்ரோமோல் ஆகிறது, பெப்டைடைப்போல 2,300 மடங்கு. ராடிக்கல் இரண்டோடும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வினைபுரிவதால், 2,300 ராடிக்கல்களில் ஒன்றுதான் பெப்டைடை எட்டுகிறது. ஒரு நாளில் நூற்றுக்கு 1.2 பங்கு, மூன்று நாளில் 3 பங்குக்குச் சற்றே மேல். தூய்மை நூற்றுக்கு 95-க்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. ஆலையிலிருந்து ஆயத்தமாக வரும் டோட்டாடேட் குப்பிக்கு 72 மணி நேரக் காலாவதி ஏன் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

பிழை நேர்வது பெரும்பாலும் மருத்துவமனையிலேயே மருந்தைக் கலந்து தயாரிக்கும்போதுதான். லுட்டீஷியம் குளோரைடோடு பெப்டைடைச் சேர்த்து, அசிடேட் கரைசலில் பி.எச். 4 முதல் 5-க்குள் நிறுத்தி, 95 டிகிரியில் 30 நிமிடம் வைக்கிறார்கள். அப்போது கரைசல் 1 மி.லி. அளவே இருந்தால் கதிர் வீதம் இருபது மடங்கு. அந்த அரை மணியில் விழுவது 314 கிரே, அதாவது 20 மி.லி. குப்பி பத்து மணி நேரத்தில் வாங்குவது. ஆகவே சூடேற்றும் முன்பே இன்னொரு காப்புப் பொருளான ஜென்டிசிக் அமிலம் உள்ளே இருக்க வேண்டும். சூடு தணிந்த பிறகு சேர்க்கிறோம் என்பது வெள்ளம் போன பின் அணை போடுகிற கதை. அஸ்கார்பிக் அமிலத்தின் முறை வேறு. அது சூடு தாங்காது, ஆறியதும் சேர்க்க வேண்டும், சேர்த்த கையோடு 20 மி.லி.க்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஆம்பூலை உடைத்து வைத்து மறுநாள் பயன்படுத்துவது பெருந்தவறு. மஞ்சளேறிய அஸ்கார்பிக் அமிலம் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, அதனால் யாரையும் காக்க முடியாது. உலோக ஊசியைக் குளோரைடுக் கரைசலில் நேரம் கழிய வைத்திருந்தால் இரும்பு கரைந்து, டோட்டாக் கூண்டில் லுட்டீஷியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தயாரித்த பிறகு செய்யும் சோதனையில்தான் எங்களுக்குப் பெரிய ஆதங்கம். சிலிகா பூசிய 10 செ.மீ. பட்டையின் அடியிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒரு சொட்டு வைத்து, சிட்ரேட் கரைசலில் நிறுத்துவார்கள். கூண்டில் ஏறாத லுட்டீஷியம் சிட்ரேட்டோடு சேர்ந்து மேலே ஓடிவிடும், பெப்டைடோடு சேர்ந்தது அடியிலேயே நிற்கும். பட்டையை இரண்டாக நறுக்கி இரு துண்டையும் எண்ணினால் 99 சதவீதம் என்று வரும். எல்லோர் முகத்திலும் நிம்மதி. ஆனால் வளையம் திறந்துபோன பெப்டைடும், டிரிப்டோபேன் கருகிய பெப்டைடும் அதே அடியில்தான் நிற்கின்றன. கூண்டு விடாதவரை பட்டைக்கு நல்லது கெட்டது தெரியாது. அளவுமானியும் அப்படியே. அது எண்ணுவது கதிரை, மருந்து இன்னும் ஏற்பியைப் பிடிக்குமா என்று அதற்கு எப்படித் தெரியும்?

இங்கே அயோடின்-131 எம்.ஐ.பி.ஜி. என்ற இன்னொரு கதிரியக்க மருந்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் சேதம் பெரும்பாலும் கார்பன்–அயோடின் பிணைப்பில் விழுவதால் தனி அயோடைடு வெளியே வந்து சோதனையில் தெரிந்துவிடும். சிகிச்சைக்கான எம்.ஐ.பி.ஜி.யை உறைநிலையிலேயே அனுப்பி வைப்பார்கள். பனிக்கட்டிக்குள் ராடிக்கல் நகர முடியாது. வெளியேறும் அயோடைடு தைராய்டுக்குப் போய்விடாமல் தடுக்க முன்கூட்டியே பொட்டாசியம் அயோடைடு கொடுக்கிறார்கள். அந்தச் சேதம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது, டோட்டாடேட்டின் சேதமோ வாய் திறப்பதில்லை.

அதைக் கண்டுபிடிக்க, கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி வேண்டும். சி-18 தூணில், தண்ணீரிலிருந்து அசிட்டோநைட்ரைலுக்கு மெல்ல மாற்றிக்கொண்டே போனால், முழுதான பெப்டைடு ஒரு முகடாகவும் அதற்குச் சற்று முன்னால் உடைந்தவை சின்னச் சின்ன முகடுகளாகவும் கதிர்மானியில் விழும். அரை மணி நேர வேலை. பட்டைச் சோதனையோடு நின்றுவிடும் இடங்கள் உண்டு. தயாரித்த சில மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டால், காப்புப் பொருளும் சரியாகச் சேர்த்திருந்தால், அதில் பெரிய குறையில்லை. சிக்கல் மறுநாளுக்குத் தள்ளிப்போகும்போதுதான். ஜூலை மழையில் சயான் தண்டவாளம் மூழ்கி லோக்கல் ரயில் நிற்கிறது, நோயாளி வந்து சேரவில்லை, குப்பி ஈயக் கூண்டுக்குள் காத்திருக்கிறது. லுட்டீஷியத்தின் அரையாயுள் 6.65 நாள் என்பதால் ஒரு நாளில் அளவுமானி நூற்றுக்குப் பத்துதான் குறைத்துக் காட்டும். அந்தப் பத்தை மட்டும் கணக்கில் எடுத்து, அளவைச் சற்றுக் கூட்டிப் போட்டுவிடலாம் என்று முடிவெடுப்பது சரியல்ல. தள்ளிப்போன குப்பிக்கு எச்.பி.எல்.சி. பார்க்காமல் ஊசி போடக்கூடாது என்பதை எல்லா அணுமருத்துவப் பிரிவுகளும் எழுத்து வடிவ விதியாக்க வேண்டும். தயாரித்த மணி, கரைசலின் கொள்ளளவு, சேர்த்த காப்புப் பொருளின் அளவு, சோதனை முறை ஆகிய நான்கும் நோயாளியின் கோப்பில் இருக்க வேண்டும்.

உடைந்த பெப்டைடு உள்ளே போனால் நோயாளிக்கு உடனே ஒன்றும் தெரியாது. அது கட்டியில் ஒட்டாமல், பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும். கட்டிக்குப் போக வேண்டிய கதிர் சிறுநீர்ப் பைக்குப் போகிறது, அவ்வளவுதான். எட்டு வாரம் வீணானது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். லுட்டீஷியம் 208 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாவையும் விடுவதால், ஊசி போட்ட மறுநாள் எடுக்கும் படத்தில் கட்டி எவ்வளவு வாங்கியது என்று பார்த்துவிடலாம். சிகிச்சைக்கு முன் எடுத்த காலியம்-68 படத்தில் (அதே ஏற்பியைக் காட்டும் ஸ்கேனில்) பளிச்சென்று தெரிந்த கட்டி இதில் மங்கித் தெரிந்தால், கட்டியை மட்டும் சந்தேகிக்காமல் குப்பியையும் சந்தேகிக்க வேண்டும்.

ஆல்பாத் துகள் விடும் ஆக்டினியம்-225 பற்றியும் கட்டுரை ஒரு வரி சொல்லியிருந்தது. அங்கே பிரச்சினை வேறு. ஆல்பா வெளியேறும்போது மிஞ்சும் அணுக்கரு பின்னோக்கி உதைபடும் ஆற்றல் சுமார் 1,00,000 எலக்ட்ரான்வோல்ட். வேதிப் பிணைப்பின் வலிமை சில எலக்ட்ரான்வோல்ட்தான். எந்தக் கூண்டும் அதற்கு ஈடு கொடுக்காது. மருந்து உயிரணுவுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு சிதைந்தால் அதிலிருந்து பிறக்கும் சேய் அணுக்கள் பெரும்பாலும் அங்கேயே தங்கும், வழியிலேயே சிதைந்தால் அவற்றில் ஒன்றான பிஸ்மத்-213 சிறுநீரகத்தைத் தேடிப்போகும்.

நோயாளி வீட்டாருக்குச் சில வார்த்தை. குப்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்பியில் ஏற்கெனவே வேறு மருந்து உட்கார்ந்திருந்தால் பயனில்லை. மாதம் ஒருமுறை போடும் நீண்டகால ஆக்ட்ரியோடைடு (அதே ஏற்பியில் ஒட்டும் மருந்து) ஊசிக்குப் பிறகு குறைந்தது நான்கு வாரம் கழித்தே லுட்டீஷியம் ஊசி போட வேண்டும். தோலுக்கடியில் அன்றாடம் போட்டுக்கொள்ளும் ஆக்ட்ரியோடைடை 24 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். இரண்டையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசிக்கு அரை மணி முன்பு தொடங்கி, முடிந்த பிறகும் மூன்று மணி நேரம் ஏறும் லைசின், அர்ஜினின் டிரிப்ஸ் சத்துக்காக ஏற்றுவதன்று. சிறுநீரகம் பெப்டைடை உறிஞ்சாமல் இருக்க அதுதான் காவல். வாந்தி வருகிறது, ரயிலுக்கு நேரமாகிறது என்று அதைப் பாதியில் கழற்றச் சொல்லாதீர்கள். வாந்திக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். நாகர்கோவிலிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ டிக்கெட் எடுக்கும் முன்பே, கடைசியாக ஆக்ட்ரியோடைடு போட்ட தேதியை அணுமருத்துவப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நோயாளி வந்து இறங்கிய பிறகு அந்தத் தேதி தெரிந்தால், அதற்குள் குப்பி தயாராகியிருக்கும்.

இப்படிக்கு,
கதிர்மருந்துத் தயாரிப்பிலும் தரச்சோதனையிலும் பணிபுரியும் தமிழர்கள் சிலர்,
செம்பூர், மும்பை.